ஒரே எஃப் எண், வேறு சென்சார்: எது சமம், எது சமமில்லை?

சிறிய சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமரா ஒன்று, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் ஒன்று. இரண்டிலும் எஃப்/2.8, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 200. ஒரே காட்சியை எடுத்தால் இரண்டு படங்களும் ஒரே அளவு வெளிச்சமாகத்தான் வரும். பிறகு ஏன், இரண்டையும் ஒப்பிடும்போது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் எஃப் எண்ணை இரண்டால் பெருக்கச் சொல்கிறார்கள்? பெருக்கு என்பவர்களும் பெருக்காதே என்பவர்களும் சொல்வது சரிதான். ஒருவர் எக்ஸ்போஷரைப் பேசுகிறார், மற்றவர் படத்தைப் பேசுகிறார்.

சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் ஒளிதான் எக்ஸ்போஷர். அதற்கு எஃப் எண்ணும் ஷட்டரும் போதும். சென்சாரின் அளவு அதில் வராது. ஆனால் படத்தின் நாய்ஸ் (புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல்) பெரும்பாலும் மொத்தமாகச் சேர்ந்த ஒளியைப் பொறுத்தது. ஃபுல் ஃப்ரேம் 36 × 24 மிமீ, அதாவது 864 சதுர மிமீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13 மிமீ, சுமார் 225 சதுர மிமீ. அதே எக்ஸ்போஷரில் பெரியது ஏறக்குறைய 4 மடங்கு ஒளியை வாங்கிக்கொள்கிறது; 2 ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது). நடுத்தர அளவான ஏபிஎஸ்-சி சென்சாரின் க்ராப், அதாவது ஃபுல் ஃப்ரேமின் மூலைவிட்டம் அதைவிட எத்தனை மடங்கு என்பது, 1.5; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2. ஏபிஎஸ்-சிக்கும் ஃபுல் ஃப்ரேமுக்கும் இடையே இது 1 ஸ்டாப்பைக் கொஞ்சம் தாண்டும்.

எஃப் எண்ணை ஒதுக்கிவிட்டு லென்ஸின் திறப்பு விட்டத்தைப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். ஃபோக்கல் லெங்த்தை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த விட்டம் வரும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 மிமீ எஃப்/1.4: 25-ஐ 1.4-ஆல் வகுத்தால் சுமார் 18 மிமீ. ஃபுல் ஃப்ரேமில் அதே கோணம் தரும் 50 மிமீ எஃப்/2.8-க்கும் அதே 18 மிமீ. ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், ஒரே அகலமான துளை வழியாகப் பார்க்கிறோம். டெப்த் ஆஃப் ஃபீல்டும் (முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம்) மொத்த ஒளியும் வேறாக வழியில்லை.

சோதித்துப் பார்க்க, இரண்டு கேமராக்களையும் ஒரே ட்ரைபாட் நிலையில் மாற்றி மாற்றி வையுங்கள்:

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: 25 மிமீ, எஃப்/2.8, 1/125, ஐஎஸ்ஓ 200
ஃபுல் ஃப்ரேம்: 50 மிமீ, எஃப்/5.6, 1/125, ஐஎஸ்ஓ 800

பின்னணியில் தூரத்தில் ஒரு சின்ன பல்பு எரியட்டும். ஃபோகஸ் விலகிய அந்த ஒளிவட்டம் படத்தின் மூலைவிட்டத்தில் எத்தனை பங்கு என்று அளந்தால் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். நாய்ஸைப் பார்க்க இரண்டையும் ஒரே பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிட்டுப் பாருங்கள். 100 சதவீதத்தில் பெரிதாக்கி ஒப்பிடுவது ஏமாற்றும். சென்சார்களின் தலைமுறை வேறாக இருந்தால் கொஞ்சம் முன்பின் ஆகும்.

ஆக, டெப்த் ஆஃப் ஃபீல்டுக்காக ஃபுல் ஃப்ரேமை எஃப்/8, எஃப்/11 என்று மூடி, ஷட்டரையும் குறைக்க முடியாமல் ஐஎஸ்ஓவை ஏற்றுபவருக்கு, பெரிய சென்சாரால் கிடைக்கும் லாபம் அநேகமாகப் பூஜ்யம். டிஃப்ராக்‌ஷனிலும் தப்ப முடியாது (சிறிய துளையில் ஒளி விரிந்து படம் மங்குவது அது): ஃபுல் ஃப்ரேமில் எஃப்/16-இல் வரும் மங்கல்தான் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப்/8-இல் வருகிறது. லாபம் இரண்டு இடங்களில் உண்டு. ஒன்று, சிறிய சென்சாருக்குச் சமமான லென்ஸே இல்லாத அளவு திறப்பைப் பயன்படுத்தும்போது. ஃபுல் ஃப்ரேம் 85 மிமீ எஃப்/1.2-க்கு ஈடாக 42.5 மிமீ எஃப்/0.6 வேண்டியிருக்கும். இன்னொன்று, ட்ரைபாடில் அசையாத காட்சி. மேலே சொன்ன ஃபுல் ஃப்ரேம் செட்டிங்கை ஐஎஸ்ஓ 100, 1/15 என்று மாற்றினால் 8 மடங்கு ஒளி சேரும். சிறிய சென்சாரில் அதே ஒளியைத் திணித்தால் ஹைலைட் வெடித்து, வெளிச்சமான பகுதிகள் வெறும் வெள்ளையாகிவிடும்.

பறவைப் படத்தில் ஒப்பீடு சுவாரசியமாகிறது. 300 மிமீ எஃப்/4 லென்ஸ் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 600 மிமீ எஃப்/8-க்குச் சமம், 600 எஃப்/4-க்கு அல்ல. திறப்பு 75 மிமீ. ஃபுல் ஃப்ரேமில் 600 மிமீ எஃப்/6.3 என்றால் 95 மிமீ. ஒளி சுமார் 1.6 மடங்கு, லென்ஸும் அதற்கேற்ற கனம். நாள் முழுக்கக் கையில் தூக்கி நடப்பவருக்கு முதலாவதே மேல் என்பேன்.

பெரியது என்றாலே பின்னணி அதிகம் கரையும் என்பதும் இல்லை. 44 × 33 மிமீ மீடியம் ஃபார்மட்டின் க்ராப் 0.79. அதில் 110 மிமீ எஃப்/2, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் சுமார் 87 மிமீ எஃப்/1.6. சாதாரண 85 எஃப்/1.4 அதை மிஞ்சிவிடுகிறது. மறுமுனையில் '1 இன்ச்' சென்சார்: உண்மையில் 13.2 × 8.8 மிமீ, க்ராப் 2.7. அந்த அளவு சென்சாருள்ள ஃபோனில் எஃப்/1.9 என்றால், பின்னணி கரைவதில் அது ஃபுல் ஃப்ரேமின் சுமார் எஃப்/5.

வழுக்கும் இடங்கள் சில. விளம்பரங்களில் ஃபோக்கல் லெங்த்தை மட்டும் பெருக்கி எஃப் எண்ணை அப்படியே விடுவார்கள். பெருக்கினால் இரண்டையும் பெருக்க வேண்டும், ஐஎஸ்ஓவை க்ராப்பின் வர்க்கத்தால். ஒரே 50 மிமீ லென்ஸை ஏபிஎஸ்-சியில் மாட்டி அதே தூரத்தில் நின்றால் டெப்த் ஆஃப் ஃபீல்ட் கூடாது, குறையும்; படம் அதிகம் பெரிதாக்கப்படுகிறதே. அது கூடுவது, அதே ஃப்ரேமிங்குக்காகப் பின்னால் நகரும்போது. ஃப்ளாஷின் வலிமையைச் சொல்லும் கைடு நம்பர் கணக்கிலும் கையடக்க லைட் மீட்டரிலும், பெருக்கி வந்த சமான எஃப் எண்ணைப் போடவே கூடாது. எஃப்/2.8 லென்ஸுக்கு 5.6 என்று கொடுத்தால் ஃப்ளாஷ் 4 மடங்கு அதிகமாக அடித்து முகம் வெளுத்துவிடும். அங்கே லென்ஸில் பொறித்த எண்தான்.