பாயிண்ட் முதல் புரோகிராம் வரை: பழைய காரின் இக்னிஷனை எதுவரை மாற்றலாம்?

பழைய காரின் இக்னிஷனை மின்னணு முறைக்கு மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, பொறி எவ்வளவு வலுவாக வரும் என்பதைத்தான். உண்மையில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. கார்புரேட்டர் ஒழுங்காக இருந்தால், சாதாரணச் சாலை எஞ்சினில் கலவையைப் பற்றவைக்கப் பழைய காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் சுருள்) தரும் பொறியே போதும். அந்தப் பொறி எந்தக் கணத்தில் விழுகிறது, அந்தக் கணத்தை எது முடிவு செய்கிறது என்பதில்தான் இழுவையும் எரிபொருள் செலவும் பிஸ்டனின் ஆயுளும் அடங்கியிருக்கின்றன. இங்கே உள்ள நான்கு வழிகளையும் இந்த ஓர் அளவுகோலை வைத்தே பார்க்கிறேன்.

பாயிண்ட்டை அப்படியே விட்டுவைப்பது

சார்லஸ் கெட்டரிங் 1910ஐ ஒட்டி காடிலாக் கார்களுக்காக உருவாக்கிய பேட்டரி இக்னிஷன்தான் இதன் மூலம். பாயிண்ட் என்ற சிறு தொடுமுனைச் சுவிட்ச் மூடியிருக்கும்போது காயிலில் மின்னோட்டம் ஏறுகிறது. திறந்ததும் காந்தப்புலம் சரிந்து உயர் மின்னழுத்தம் பிறக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 200 பொறிகள் வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 5 மில்லி விநாடி. பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில், பாயிண்ட்டைத் திறந்து மூடும் கேமின் 90 பாகையில் 60 பாகை பாயிண்ட் மூடியிருந்தால், காயில் நிரம்ப 3.3 மில்லி விநாடி கிடைக்கும். அது போதுமானது. எட்டு சிலிண்டரில் அந்த 5 மில்லி விநாடி பாதியாகிவிடுகிறது. பாயிண்ட்டின் பலவீனம் முதலில் வெளிப்படுவதும் அங்கேதான்.

மற்ற எஞ்சின்களில் தொல்லை தருவது தேய்மானம். கேமில் உரசும் பாயிண்ட்டின் நார்க்குதி (நார்ப்பொருளால் ஆன சிறு கட்டை) தேயத் தேய இடைவெளி குறைகிறது, பாயிண்ட் தாமதமாகத் திறக்கிறது, டைமிங் (பொறி விழும் கணம்) பின்னோக்கி நழுவுகிறது. யாரும் எதையும் தொடாமலே கார் மந்தமாகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு டைமிங் என்ற நிலையும் வந்துவிடும். கிரைஸ்லர் 1973லும் ஜெனரல் மோட்டார்ஸ் 1975லும் தங்கள் கார்களில் பாயிண்ட்டைப் பொதுவாகக் கைவிட்டதற்கு இந்தப் பராமரிப்புத் தொல்லையும் புகைக் கட்டுப்பாடுகளுமே காரணம்.

ஆனால் பாயிண்ட் சாகும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சாகிறது. ஒரு ஃபீலர் கேஜும் கொஞ்சம் உப்புத்தாளும் இருந்தால் சாலையோரத்திலேயே உயிர்ப்பிக்கலாம். ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடும், புஷ் ஆடாத டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள, எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யாத காருக்கு இதை மாற்றியே ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பாயிண்ட் கருகாமல் காக்கும், நன்றாக வேலை செய்யும் பழைய கண்டென்சரை, புதியது கிடைத்தது என்பதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம்.

மூடிக்குள் ஒளிந்துகொள்ளும் மாட்யூல்

பெர்ட்ரானிக்ஸ், லுமினிஷன் போன்றவை இந்த வகை. கேமின் மேல் ஒரு காந்த வளையமோ ஒளியை மறிக்கும் தகடோ அமரும். பாயிண்ட் இருந்த இடத்துக்கு ஒரு சென்சர் வரும். பொருத்த அதிக நேரம் ஆகாது, வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது, நினைத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். தேய்வதற்குக் குதி இல்லை என்பதால் வைத்த டைமிங் வைத்த இடத்திலேயே நிற்கும்.

ஆதாயம் அவ்வளவுதான். வேகத்துக்கேற்பப் பொறியை முன்னே தள்ளும் எடைகள், ஸ்பிரிங்குகள், எஞ்சினின் உறிஞ்சலுக்கேற்ப அதைத் தள்ளும் வேக்கம் டயாஃபிரம் எல்லாம் பழையபடியே இருக்கும். அதாவது, பொறி எப்போது விழ வேண்டும் என்ற முடிவு இன்னமும் பல பத்தாண்டு வயதான இரண்டு ஸ்பிரிங்குகளின் கையில். மாட்யூல் போட்டதும் கார் புதிதுபோல் ஓடுகிறது என்று மகிழ்பவர்களில் பலர், அதே நாளில் பிளக், மூடி, ரோட்டார் எல்லாவற்றையும் மாற்றி டைமிங்கையும் சரிசெய்திருப்பார்கள். பாராட்டு மட்டும் மாட்யூலுக்குப் போய்விடுகிறது.

காயிலின் எதிர்ப்பு முக்கியம்: 3 ஓம் காயிலுக்கென்று வடிவமைத்த மாட்யூலில், மின்னோட்டத்தைக் குறைக்கும் பலாஸ்ட் எதிர்ப்பான் இல்லாமல் 1.5 ஓம் காயிலை இணைத்தால் இரண்டில் ஒன்று கருகும். எஞ்சின் நின்றிருக்கும்போது சாவியைப் போட்டு வைப்பதைப் பல மாட்யூல்கள் தாங்காது. நேர்முனையைப் பாடியில் இணைத்த பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு அதற்கென்றே செய்த மாட்யூல்தான் வேண்டும். எதிர்ப்பில்லாத செம்புக்கம்பி பிளக் வயர்களையும் மாற்றிவிட வேண்டும். அவை எழுப்பும் இரைச்சல் மின்னணுவியலைக் குழப்பும். மாட்யூல் சாகும்போது எச்சரிக்கை எதுவும் வராது. ஆகவே பாயிண்ட்டும் கண்டென்சரும் பூட்டிய பழைய தகடு டிக்கியில் இருக்கட்டும்.

புரோகிராம் செய்யக்கூடிய டிஸ்ட்ரிபியூட்டர்

நெதர்லாந்தின் 123 இக்னிஷன் இதில் பரவலாகத் தெரிந்த பெயர். உருவம் பழைய டிஸ்ட்ரிபியூட்டர்தான். உள்ளே எடையும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. ஒரு சிறு கணினியும், இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வரும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சரும் இருக்கின்றன. எளிய மாடலில், எந்த வேகத்தில் பொறி எப்போது விழ வேண்டும் என்பதற்குத் தயாராக உள்ள 16 வளைகோடுகளில் ஒன்றைச் சுவிட்சால் தேர்ந்தெடுக்கலாம். டியூன் மாடலில் கணினியிலோ கைபேசியிலோ வளைகோட்டை நாமே வரையலாம்.

மாற்றம் என்ற சொல்லுக்குத் தகுதியான முதல் வழி இதுதான் என்பது என் கருத்து. எடைகளால் ஒன்றைத்தான் செய்ய முடியும்: வேகம் ஏற ஏற அட்வான்ஸை (பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு எத்தனை பாகை முன்னதாகப் பொறி விழுகிறது என்பதை) ஏற்றுவது. இரண்டு ஸ்பிரிங் இருந்தால் இரண்டு சரிவுகள். அட்வான்ஸைக் குறைக்க அவற்றுக்குத் தெரியாது. வரையப்பட்ட கோடு ஏறலாம், இறங்கலாம், வளையலாம். 900 சுற்றில் இருப்பதைவிட 700 சுற்றில் சற்று அதிக அட்வான்ஸ் கொடுத்துப் பாருங்கள்: ஐட்லிங்கில் எஞ்சின் தளரும்போது பொறி முன்னேறி அதைத் தூக்கி நிறுத்தும். அதிக முறுக்கு விசை வரும் வேகத்தில் நாக்கிங் சத்தம் (கலவை தானாகவே வெடித்து எழும் தட்டல்) கேட்கிறதா? அந்த இடத்தில் மட்டும் இரண்டு பாகை இறக்கலாம். மற்ற வேகங்களில் எதையும் இழக்க வேண்டியதில்லை.

வேக்கம் பக்கத்திலும் இதே சுதந்திரம் உண்டு. லேசாக மிதித்து ஒரே சீராகப் போகும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு. அது மெதுவாக எரிகிறது. அதனால் பொறி முன்னதாக விழ வேண்டும். முழுவதும் மிதிக்கும்போது 30 பாகையை ஒட்டிய அட்வான்ஸ் போதும் என்கிற எஞ்சின், சீரான ஓட்டத்தில் 40 பாகையையும் தாண்டிக் கேட்கலாம். டயாஃபிரம் கிழிந்த காரில் இந்த இடைவெளி முழுவதும் பெட்ரோலாகப் போய்க்கொண்டிருக்கும்.

பழைய கையேட்டின் வளைகோட்டைப் பதிவேற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க் ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. கையேட்டின் எண்கள் டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் இருந்தால் பாகையையும் சுற்றையும் இரட்டிப்பாக்காமல் தட்டெழுதக் கூடாது. பழைய வேக்கம் குழாய் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். கார்புரேட்டரின் திராட்டில் தகட்டுக்கு மேலிருந்து எடுத்த குழாயில் ஐட்லிங்கின்போது வேக்கம் இருக்காது. மேனிஃபோல்டில் நிறைய இருக்கும். இடம் மாறினால் கோடும் மாற வேண்டும்.

எல்லை எது? இதையும் சுழற்றுவது கேம் ஷாஃப்ட்டின் சாய்பற்சக்கரமும் டைமிங் செயினும்தான். அவற்றின் தளர்ச்சியைக் கணினியால் திருத்த முடியாது. டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு பாகை ஆட்டம் கிராங்க்கில் இரண்டு பாகை.

கிராங்க்கிலிருந்தே அளப்பது

அந்த ஆட்டத்தை ஒழிக்க வேண்டுமானால், அளவை கிராங்க் ஷாஃப்ட்டிலேயே எடுக்க வேண்டும். 6000 சுற்றில் ஒரு பாகை கடக்க ஆகும் நேரம் சுமார் 28 மைக்ரோ விநாடி. கிராங்க் புல்லியில் 36 பற்களுக்கு இடமுள்ள சக்கரம், அதில் ஒரு பல் கிடையாது. எதிரே ஒரு மில்லி மீட்டர் அளவு இடைவெளியில் காந்தச் சென்சர். விடுபட்ட பல்லை வைத்துக் கணினி தன் இடத்தை அறிகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் ரோட்டாரும் போய், இரண்டிரண்டு சிலிண்டருக்குச் சேர்த்துப் பொறி தரும் காயில் பேக் வருகிறது. இரண்டில் ஒரு பொறி வெளியேற்று வீச்சில் வீணாகும், அதனால் கேடில்லை.

ஃபோர்டின் ஈடிஸ் இக்னிஷன் மாட்யூலும் அட்வான்ஸைத் தீர்மானிக்கும் மெகாஜோல்ட் கணினியும் சேர்ந்த கூட்டணி இதில் நீண்ட காலமாகப் புகழ்பெற்றது. காரணம், ஈடிஸின் பணிவு. பற்களை எண்ணுவதும் காயிலை நிரப்புவதும் அதன் வேலை. எத்தனை பாகை என்பதை மட்டும் மெகாஜோல்ட் சொல்கிறது. அந்தக் கட்டளை நின்றுபோனால் ஈடிஸ் நிலையான 10 பாகையில் எஞ்சினை ஓட்டி வீடு சேர்க்கும். சென்சரை நிறுத்தும் இடத்தில் சமரசம் கூடாது: முதல் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன், நான்கு சிலிண்டருக்கு 90 பாகையிலும், ஆறுக்கு 60லும், எட்டுக்கு 50லும் விடுபட்ட பல் சென்சரின் முன் இருக்க வேண்டும். மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்ற எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினிகள் காயில்களைத் தாமே இயக்கும். பின்னாளில் எரிபொருள் இன்ஜெக்ஷனும் வரப்போகிறது என்றால் அவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். இக்னிஷனுக்கு மட்டும் என்றால் அது தேவைக்கு மிஞ்சிய வேலை.

வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப அட்வான்ஸைச் சொல்லும் மெகாஜோல்ட்டின் அட்டவணை 10க்கு 10. வேகத்துக்கு ஒரு கோடு, வேக்கத்துக்கு ஒரு கோடு, இரண்டையும் கூட்டு என்ற பழைய கணக்கு இங்கே இல்லை. நூறு கட்டங்களையும் தனித்தனியே நிரப்பலாம். கேம் ஷாஃப்ட் மாற்றிய, கம்ப்ரஷன் ஏற்றிய எஞ்சினுக்கு இது பெரிய வரம். சிலிண்டருக்கு ஒரு திராட்டில் வைத்த கார்புரேட்டர் எஞ்சின்களில் வேக்கம் துடித்துக்கொண்டே இருக்கும். அங்கே சுமையைத் திராட்டில் கோணத்திலிருந்து அளக்கலாம்.

சிக்கல்களும் இதே அளவுக்கு உண்டு. பல எட்டு சிலிண்டர் எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்தான் ஆயில் பம்பையும் சுழற்றுகிறது. அதைக் கழற்றி ஓட்டையை மூடினால் எஞ்சினின் கதை முடிந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் தலையை வெட்டிவிட்டு ஷாஃப்ட்டை அங்கேயே விட வேண்டும். காயில் கம்பியின் மின்னோட்டத்தை உணர்ந்து ஓடும் பழைய டாகோமீட்டர் உறங்கிவிடும், அதற்கு ஒரு மாற்றி வேண்டும். பற்சக்கரம் கோணாமல் சுற்ற வேண்டும். சென்சரின் இரு கம்பிகளும் இடம் மாறக் கூடாது, அவற்றை உறையிட்ட கேபிளில் பிளக் வயர்களுக்கு விலகியே கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு நூறு கட்டங்களை நிரப்ப வேண்டும். சுமையை நிலையாகப் பிடித்துவைக்கும் டைனமோமீட்டரும் நாக்கிங்கைக் கண்டுபிடிக்கும் காதும் இல்லாமல் அவை ஊகமாகவே இருக்கும். யாரோ ஒருவரின் அட்டவணையை அப்படியே ஏற்றி ஓடும் கிராங்க் முறையைவிட, சரியான ஸ்பிரிங் போட்ட பழைய டிஸ்ட்ரிபியூட்டர் மேல் என்பேன். ஆகவே மாற்றம் செய்யாத சாலைக் காருக்கு மூன்றாம் வழியோடு நிற்பேன். எஞ்சினைத் திறந்து மாற்றியவர், அல்லது மாலைகளை அட்டவணையோடு கழிப்பதில் சுகம் காண்பவர், நான்காம் வழிக்குப் போகட்டும்.

எதைப் பொருத்தினாலும், புல்லியில் உள்ள குறி உண்மையிலேயே பிஸ்டன் உச்சிதானா என்று முதலில் பார்க்க வேண்டும். ரப்பர் இடையிட்ட பழைய டாம்பர்களில் (அதிர்வைத் தணிக்கும் புல்லிகளில்) வெளிவளையம் நழுவியிருக்கக் கூடும். பேட்டரியைக் கழற்றி, முதல் பிளக்கின் துளையில் பிஸ்டன் நிறுத்தியைத் திருகி, எஞ்சினைக் கையால் மெல்ல ஒரு பக்கம் முட்டும்வரை சுற்றிக் குறியிடுங்கள். எதிர்ப்பக்கமும் முட்டவைத்துக் குறியிடுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளியே உண்மையான உச்சி. நிறுத்தியைக் கழற்றிய பிறகு, கணினியில் அட்வான்ஸை 10 பாகையில் பூட்டி, டைமிங் லைட்டைப் பிடித்து, அந்தப் புதுக் குறியிலிருந்து அதே 10 தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் அட்டவணையைத் தொடாதீர்கள். சென்சரையோ டிஸ்ட்ரிபியூட்டரையோ நகர்த்துங்கள்.