தவணையைக் குறைப்பதா, வருஷத்தைக் குறைப்பதா?

ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டிக் குடிபோய் ஒரு வருஷம் முடிந்த சமயம், சீட்டு எடுத்த பணம் 2 லட்சம் கைக்கு வந்தது. அதை வீட்டுக் கடனில் கட்டலாம் என்று போனேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இஎம்ஐ குறைக்கணுமா, டென்யூர் குறைக்கணுமா சார்?" என்றார். மாதத் தவணையையா, கட்டி முடிக்கும் வருஷத்தையா என்று கேள்வி. வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று திரும்பி வந்துவிட்டேன். வந்தது நல்லதாகப் போயிற்று.

என் கணக்கு இது: 30 லட்சம், 20 வருஷம், 8.5 சதவீதம். மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் மாதம் அதில் வட்டிக்குப் போனது 21,250, அசலுக்குப் போனது 4,785. ஒரு வருஷத்தில் 3 லட்சத்துக்கு மேல் கட்டியும் அசலில் கழிந்தது 60,000கூட இல்லை. புதுக் கடன் என்றால் இப்படித்தான். அதனால்தான் ஆரம்ப வருஷங்களில் கட்டும் கூடுதல் பணத்துக்கு மதிப்பு அதிகம்.

இப்போது அந்த 2 லட்சம். தவணையைக் குறைத்தால் மாதம் 24,264 கட்டினால் போதும். 1,771 ரூபாய் மிச்சம். ஆனால் மீதி 19 வருஷமும் கட்ட வேண்டும். வட்டியில் சுமார் 2.04 லட்சம் மிச்சமாகும். தவணையை அப்படியே வைத்து வருஷத்தைக் குறைத்தால், 228 மாதம் 194 ஆகிறது. வட்டியில் மிச்சம் சுமார் 6.87 லட்சம். வட்டி விகிதம் மாறாமல் இருந்தால் வரும் கணக்கு இது.

இதைப் பார்த்தபிறகும் தவணையைக் குறைக்கிறவன் ஏமாளி என்றுதான் நானும் நினைத்தேன். என் மைத்துனன் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. "மச்சான், உங்களுக்கு ஒண்ணாந்தேதி சம்பளம். நான் ஆடியில ஈ ஓட்டிக்கிட்டு இருப்பேன், அப்ப யாரு கட்டுறது?"

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. குறைந்த தவணையை வாங்கிக்கொண்டு, மிச்சமாகும் 1,771-ஐ மாதாமாதம் அசலிலேயே போட்டு வந்தால், முடிவு கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மாதாமாதம் போட வங்கி ஒத்துக்கொள்ளாவிட்டால், சேர்த்து வைத்து முகூர்த்த மாதங்களில் கட்டிவிடலாம். ஆடியில் போடாமல் விட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். வருஷத்தைக் குறைத்தவனுக்கு அந்தச் சலுகை இல்லை. வியாபாரம் படுத்தாலும் முழுத் தவணை வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கில் பணம் இல்லை என்று தவணை பவுன்ஸ் ஆகும். ஆக, பெரிய தொகை தானாக மிச்சமாவது வருஷத்தைக் குறைப்பதில். தவணையைக் குறைப்பதில் நம் கைதான் மிச்சம் பிடிக்க வேண்டும். எனக்கு அந்தக் கை கிடையாது.

ஓவர்டிராஃப்ட் வகைக் கடன் என்று மூன்றாவது வழியும் உண்டு. உபரிப் பணத்தை அந்தக் கணக்கில் போட்டு வைத்தால் அது அங்கே இருக்கும்வரை வட்டி குறையும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். வட்டி விகிதம் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதல். வியாபாரிக்குப் பொருந்தும். எங்கள் வீட்டில், எடுக்கலாம் என்று இருக்கிற பணம் காதுகுத்துக்கும் மொய்க்கும் போய்விடும்.

வட்டிக்கு வரிச்சலுகை உண்டே, எதற்கு முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்பார்கள். பழைய வரி முறையில், நாமே குடியிருக்கும் வீட்டுக்கு வருஷம் 2 லட்சம் வரைதான் அது. புதிய முறையில் அதுவும் இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எழுதிக் கொடுங்கள். நான் முன்பு ஒருமுறை ஆன்லைனில் 20,000 அனுப்பினேன். அசலில் கழிக்காமல் அடுத்த தவணைக்கான முன்பணமாக வைத்திருந்தார்கள். ஸ்டேட்மெண்ட் வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வட்டி மாறும்போதும் அப்படித்தான். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) 4-லிருந்து 6.5 சதவீதம் ஆனபோது, பலருக்குத் தவணை அப்படியே இருக்க வருஷம் மட்டும் சத்தமில்லாமல் நீண்டது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டியை மாற்றும்போது கடன் வாங்கியவரின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்றது. கேட்டு வரும் எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

நான் வருஷத்தைக் குறைத்தேன். மைத்துனன் தன் வீட்டுக் கடனில் போன மாசியில் கட்டிய 1 லட்சத்துக்கும் தவணையைத்தான் குறைத்துக்கொண்டான். இந்த ஆடியில் என்னிடம் கைமாற்று கேட்டு வரவில்லை.