கராஜ் நிலத்துக்கு எபொக்சி போட நினைக்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் இப்போது புதுவீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும் கார் விடும் இடத்துக்கு எபொக்சி, அதாவது கொங்கிறீற்றின் மேல் ஊற்றி இறுக வைக்கிற பிசின் பூச்சு, போடுவதைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், ஒயில் சிந்தினாலும் துடைத்தால் போய்விடும் என்று சொல்வதில் பொய் இல்லை. ஒழுங்காகப் போட்டால் அப்படித்தான் இருக்கும். எங்கள் வீட்டில் ஒழுங்காகப் போடவில்லை. ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கொடுத்துப் போட்ட நிலத்தை நாலு மாதத்துக்குள் சுரண்டி வாளியில் அள்ளிக் கொட்டியிருக்கிறேன். அதே ஆட்கள் இப்போதும் வேலை எடுத்துக்கொண்டு திரிகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போயிருப்பதால் பெயர் போடவில்லை.

எங்கள் வீடு அரியாலையில். கடல்நீரேரி தூரமில்லை. கார்த்திகையில் கிணற்றுக் கயிறு இரண்டு முழம் இறங்க முதலே வாளி தண்ணீரில் முட்டும். 2011இல் வீட்டைத் திருத்தியபோது கராஜுக்குக் கல்லும் மண்ணும் நிரப்பி மேலே கொங்கிறீற்று போட்டோம். அடியில் பொலித்தீன் விரிக்கவில்லை. அந்த நேரம் அதைப் பற்றி யாரும் சொல்லவும் இல்லை. இதை முதலே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

ரொரன்ரோவில் இருக்கிற தம்பி தன் வீட்டுக் கராஜைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். சாம்பல் நிலத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாகச் சிறு துகள்கள். பார்க்க உண்மையிலேயே வடிவு. "அக்கா, நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளையளோட வாறன். அதுக்குள்ள எங்கட கராஜையும் இப்பிடிச் செய்வம். காசு நான் அனுப்புறன்" என்றான். பன்னிரண்டு அடிக்கு இருபது அடி, 240 சதுர அடி. தெரிந்த ஒருவர் மூலம் வேலைக்காரரின் நம்பர் கிடைத்தது.

வந்தவர் மிக மரியாதையானவர். கலர் அட்டையை விரித்து வைத்து ஒரு மணித்தியாலம் நிறம் காட்டினார். எந்தச் சாம்பல், எந்தத் துகள், எவ்வளவு மினுக்கம் என்று எல்லாம் கேட்டார். நிலத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. சப்பாத்துக் காலால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். "ரீச்சர், நல்ல பலமான நிலம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. மெசின் போட்டு உரஞ்சி, பிரைமர் அடிச்சு, இரண்டு மில்லிமீற்றர் எபொக்சி ஊத்தி, துகள் தூவி, மேல கிளியர் அடிச்சுத் தாறம். பத்து வருஷத்துக்கு அசையாது." சதுர அடி 750 ரூபாய். அட்வான்ஸ் ஒரு லட்சத்து இருபதாயிரம். கையில் தந்த பில்லில் இருந்தது 'எபொக்சி வேலை, 240 சதுர அடி' என்ற ஒரு வரி. மெசினும் இரண்டு மில்லிமீற்றரும் வாயோடு போய்விட்டன.

வேலைக்கு வந்த அன்று மெசின் வரவில்லை. கேட்டதற்குக் கொழும்பில் வேறு வேலைக்குப் போய்விட்டது என்றார்கள். இரண்டு பொடியன்கள் சவுக்காரத் தூள் போட்டுத் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவினார்கள். ஒரு போத்தல் அசிட்டைத் தெளித்து, பொங்கி அடங்கியதும் தண்ணீர் அடித்து விட்டார்கள். அடுத்த நாள் காலையிலேயே பெயின்ற் பேணியைத் திறந்துவிட்டார்கள்.

உரஞ்சுவது ஏன் முக்கியம் என்று எனக்கு அப்போது தெரியாது. கொங்கிறீற்று போட்டு மட்டம் தட்டும்போது சீமெந்துப் பால் மேலே வந்து மெல்லிய தோலாகக் காயும். பார்க்க அழுத்தமாக இருக்கும், ஆனால் பலமில்லாத தோல். எபொக்சி அதன் மேல் நன்றாக ஒட்டும், ஆனால் அந்தத் தோல் கீழே இருக்கிற கொங்கிறீற்றை விட்டுக் கழன்று வந்துவிடும். வைரப் பல் வைத்த கிறைண்டர் மெசினால் அந்தத் தோலை எடுத்து, கையால் தடவினால் அரத்தாள் மாதிரிச் சொரசொரக்கும் வரை கொண்டுவர வேண்டும். அசிட் அதற்கு ஈடாகாது. அசிட் போட்டாலும் அதன் தன்மை போகும் வரை பல தரம் கழுவி, நிலம் உள்ளேயும் காயும் வரை நாட்கணக்கில் விடவேண்டும். எங்கள் நிலத்துக்குக் கிடைத்தது ஒரு இரவு.

கலவையையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எபொக்சி சாதாரண பெயின்ற் இல்லை. பிசின் ஒரு பேணி, அதை இறுக வைக்கிறது இன்னொரு பேணி. பேணியில் எழுதியிருக்கிற அளவுக்குச் சரியாக அளந்து கலந்தால்தான் இறுகும். அந்தப் பொடியன் கண் மதிப்பில் ஊற்றி ஒரு தடியால் கிண்டினான். கலந்த பிறகு அதற்கு ஆயுள் குறைவு, எங்கள் ஆடி வெய்யிலில் இன்னும் குறைவு. நிறமில்லாத மேல் பூச்சான கிளியர் அடிக்கும்போது வாளி கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது, உள்ளே பாணி மாதிரித் தடித்துவிட்டது. அதை எறியாமல் தின்னர் விட்டு இளக்கி அடித்தார்கள். வாளியின் அடியிலும் ஓரத்திலும் கலக்காமல் நின்றதையும் வழித்து மூலையில் பூசினார்கள். அந்த மூலை கடைசிவரை காயவில்லை. பிள்ளைகளின் செருப்பு ஒட்டிக்கொண்டு வரும்.

ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. அந்தப் பொடியன்களுக்குக் கையுறை கூடக் கொடுக்கவில்லை. இறுகாத எபொக்சி தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், ஒரு தரம் வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலும் திரும்பத் திரும்ப வரும். இரண்டாம் நாள் ஒருவனுடைய இரண்டு கையும் சிவந்து தடித்திருந்தன. இருபது வயதும் இராது. உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வேலை தொடங்கினால், நிற்பாட்டிக் கையுறை கொடுக்கச் சொல்லுங்கள்.

ஓகஸ்ட் முதல் கிழமை வேலை முடிந்தது. பளபளத்தது. மிச்சம் அறுபதாயிரத்தையும் அன்றைக்கே கொடுத்தேன். "நாளையிண்டைக்கே கார் விடலாம் ரீச்சர்" என்றார். விட்டோம். நடக்க ஒரு நாள் காணும், கார் ஏற்ற ஐந்து தொடக்கம் ஏழு நாள் பொறுக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

தம்பி குடும்பம் வந்து நாலாம் நாள், கிளிநொச்சி போய் வந்த காரைப் பின்னேரம் உள்ளே விட்டோம். விடியக் காரைப் பின்னுக்கு எடுத்தபோது சேலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். முன் ரயர் நின்ற இரண்டு இடத்திலும் பாண் துண்டு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து ரயரிலேயே ஒட்டியிருந்தது. நீண்ட தூரம் ஓடிச் சூடான ரயர் இளக்கமாக இருக்கும். அது ஆறும்போது பலமில்லாத பூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. குந்தியிருந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இரவு வேலை செய்து அனுப்பிய காசு அது.

வேலை எடுத்தவருக்குத் தொலைபேசி எடுத்தால் உடனே எடுப்பார், அதுவும் மரியாதையாகத்தான். "நல்லூர் முடிய வாறன் ரீச்சர்." தேர் முடிந்தது, தீர்த்தம் முடிந்தது. "மருந்துச் சாமான் கொழும்பில இருந்து வரவேணும்." செப்ரெம்பர் போனது. ஒக்ரோபரில் கேற் பக்கம் வெய்யில் படுகிற மூன்றடி இடம் பழைய கடதாசி மாதிரி மஞ்சளித்தது. எபொக்சி வெய்யிலுக்கு மஞ்சளிக்கும், மேலே பொலியூறிதேன் மாதிரி வெய்யில் தாங்குகிற பூச்சு அடிக்க வேண்டும். எங்களுக்கு அடித்த கிளியரும் எபொக்சிதான். அதற்கும் பதில், "மழை முடிய எல்லாத்தையும் ஒண்டாச் செய்து தாறன்."

மழை வந்தது. நவம்பர் நடுப்பகுதியில் ஒரு காலை நிலம் முழுக்க அம்மை போட்ட மாதிரிக் கொப்புளம். சில மிளகளவு, சில ஒரு ரூபாய்க் குற்றி அளவு. ஒன்றை ஊசியால் குத்தினேன். உள்ளே இருந்து ஒட்டுகிற மாதிரி மங்கலான தண்ணீர் வழிந்தது. காய்ந்த பிறகு அந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அதே கிழமை ஈரக் காலோடு வந்த அம்மா வழுக்கி விழுந்தா. எழுபத்து நாலு வயது. எலும்பு தப்பியது கடவுள் புண்ணியம். வழுக்காமல் இருக்கக் கிளியரோடு நுண்மணல் போன்ற ஒன்றைக் கலப்பார்களாம். எங்களுக்கு ஒன்றும் கலக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் கட்டட வேலைத் திணைக்களத்தில் இருந்து இளைப்பாறிய ரி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) ஐயா ஒருவர் இருக்கிறார். கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். சமையல் கத்தி ஒன்று கேட்டார். கொப்புளத்தின் ஓரத்தில் கத்தியை நுழைத்து நெம்பியதும் உள்ளங்கை அளவு துண்டு அப்பளம் மாதிரிக் கழன்று வந்தது. மறுபக்கம் திருப்பிக் காட்டினார். அடியில் முழுக்கச் சாம்பல் நிறச் சீமெந்துத் தூள். "பிள்ளை, உது நிலத்தில ஒட்டேல்லை. தூசியில ஒட்டியிருக்கு" என்றார்.

பிறகு வெறும் சீமெந்து தெரிகிற இடத்தில் பதினெட்டு அங்குலச் சதுரமாகத் தெளிவான பொலித்தீன் வெட்டி, நாலு கரையையும் காற்றுப் புகாமல் ரேப்பால் ஒட்டச் சொன்னார். குறைந்தது பதினாறு மணித்தியாலம் விடவேண்டும். அடுத்த நாள் பொலித்தீனின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், கீழே சீமெந்து கறுத்து ஈரமாக இருந்தது. கூரைக்குக் கீழே இருக்கிற நிலம், மேலே ஒரு துளி மழை படவில்லை. கொங்கிறீற்றுக்கு அடியில் பொலித்தீன் இல்லாததால் நிலத்துக்குள் இருந்து ஆவியாக வந்த ஈரம். வெறும் சீமெந்தாக இருந்தால் அது வந்த வழியே காற்றோடு போயிருக்கும். எபொக்சி மூடிவிட்டதால் போக வழியில்லாமல் அடியில் இருந்து தள்ளியிருக்கிறது. உப்பும் சேர்ந்தால் இன்னும் ஈரத்தை இழுக்கும். இந்தப் பரிசோதனைக்கு ஐம்பது ரூபாய் கூடச் செலவில்லை. என்னுடைய ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை அது காப்பாற்றியிருக்கும். ஆனால் எங்கள் ஊரில் அதை மாரியில் செய்து பார்க்க வேண்டும். கோடையில் கிணறு இறங்கியிருக்கும்போது நிலமும் காய்ந்த மாதிரியே காட்டும்.

வேலிக்கரையில் எறிந்துவிட்டுப் போன பேணிகளையும் அவர்தான் பொறுக்கச் சொன்னார். சாம்பல் நிறம் நாலு லீற்றர்ச் சோடி இரண்டு, கிளியர் இரண்டு லீற்றர். மொத்தம் 10 லீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் ஊற்றினால் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு வரும். நான் கணிதம் படிப்பிக்கிறவள், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு இது. 240 சதுர அடி என்றால் 22 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் கூட. இரண்டு மில்லிமீற்றருக்கு 44 லீற்றராவது வேண்டும். வந்தது அரை மில்லிமீற்றருக்கும் காணாது. சாம்பல் பேணியில் 'நீர் சார்ந்தது' என்று வேறு போட்டிருந்தது. அதில் இருக்கிற தண்ணீர் ஆவியானால் தடிப்பு இன்னும் இறங்கும். வேலை தொடங்க முதல் பேணிகளை எண்ணிப் பார்த்திருந்தால் அன்றைக்கே நிற்பாட்டியிருப்பேன். நீங்கள் எண்ணுங்கள். பேணியின் பெயர்ச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

வேலை எடுத்தவர் தவணை சொல்லிச் சொல்லி என்னை இழுத்ததில் எனக்கு நடந்த பெரிய நட்டம் வேறு. நுகர்வோர் அதிகாரசபைக்கு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். ஆனால் சேவை பெற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். கொப்புளம் வந்தபோது அந்த மூன்று மாதம் முடிந்து பத்து நாள். ரயர் பெயர்த்த அன்றைக்கே செய்திருக்க வேண்டியது, நல்லூர் முடியட்டும் என்று நானும் பொறுத்துவிட்டேன். "வாறன், வாறன்" என்று மரியாதையாகச் சொல்கிறவரிடம் திகதியைக் கேட்டு வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். வராவிட்டால் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து விபரம் கேட்டு எழுதிப் போடுங்கள்.

எபொக்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடியில் பொலித்தீன் விரித்துப் போட்ட நிலமாக, கொங்கிறீற்று போட்டு 28 நாளாவது கடந்ததாக, பொலித்தீன் பரிசோதனையில் காய்ந்து வருவதாக இருந்தால் செய்யலாம். ஈரமுள்ள நிலத்துக்கென்றே தடிப்பான பிரைமர் (முதல் பூச்சு) இருக்கிறது, செலவு கூடும், அதற்கும் உரஞ்சத்தான் வேண்டும். மெசின் வளவுக்குள் வந்து இறங்கும் வரை அட்வான்ஸுக்கு மேல் ஒரு சதம் கொடுக்காதீர்கள். மில்லிமீற்றர் கணக்கும், எத்தனை பூச்சு என்பதும், எந்தச் சாமான் என்பதும் பில்லில் எழுதியிருக்க வேண்டும். மிச்சக் காசில் ஒரு பகுதியை, சூடான ரயரோடு கார் ஒரு மாதம் ஏறி இறங்கிய பிறகு கொடுப்பதாக முதலே பேசுங்கள். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். குருநகர், நாவற்குழி மாதிரி எங்களைப் போல நீரேரிக் கரையில் இருக்கிறவர்கள், இடைவெளியால் ஈரம் மூச்சு விடக்கூடிய சீமெந்துக் கல் பதிப்பதைப் பற்றியும் யோசியுங்கள். ரி.ஓ. ஐயா எனக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறார். மாரி முடியச் செய்யப் போகிறேன்.

சுரண்டி எடுத்ததில் அந்த உள்ளங்கை அளவு துண்டை மட்டும் எறியவில்லை. வெற்றுப் பால்மாப் பேணிக்குள் வைத்திருக்கிறேன், அடிப்பக்கத்துச் சீமெந்துத் தூள் இன்னும் அப்படியே இருக்கிறது. வருகிற மாதம் மத்தியஸ்த சபைக்கு அதையும் அந்த வெறும் பேணிகளையும் கொண்டு போகிறேன்.