"வயரைக் கொஞ்சம் கட் பண்ணா ஒண்ணும் ஆகாது சார்"

ஆர்சி கார் (ரிமோட்டில் ஓடும் கார்) வைத்திருப்பவர்கள், அதிலும் பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் செட் வைத்திருப்பவர்கள், சென்னை ரிச்சி தெருப் பக்கம் ரிப்பேருக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. இதே வேலையைச் செய்கிற ஆள் எந்த ஊர்க் கடையிலும் இருக்கலாம்.

வண்டி என் அக்கா பையனுடையது. டமியா கம்பெனியின் பழைய கார், பிரஷ் மோட்டார், ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் அலைவரிசைக்கு ஏற்ப கிரிஸ்டல் மாற்றுகிற வகை. ஆன்டெனா வயர் நுழையும் பிளாஸ்டிக் குழாயின் அடி விளிம்பில் உரசி உரசி, வயர் பாதியில் அறுந்துவிட்டது. வேறு கோளாறு கிடையாது. அறுந்த துண்டையும் கையோடு எடுத்துப் போய், "இதே நீளம் வர்ற மாதிரி ஈயம் வச்சுக் குடுங்க, வேற எதையும் தொட வேணாம்" என்று சொல்லிக் கொடுத்தேன்.

வாங்கப் போனபோது கதை மாறியிருந்தது. "ரிசீவரே போயிருந்துச்சு சார், புதுசு போட்டிருக்கேன்" என்றார். 1,400 ரூபாய். பில் கேட்டால், "பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும், உங்களுக்குத்தான் நஷ்டம்." மேஜை மேல் காரை வைத்து, ஒரு முழ தூரத்தில் ரிமோட்டைப் பிடித்து ஸ்டீயரிங்கை இடதும் வலதும் திருப்பிக் காட்டினார். அழகாகத் திரும்பியது. மோட்டாரை மட்டும் ஓட்டிக் காட்டவில்லை.

மாலையில் மைதானத்தில் விட்டோம். பத்தடி போகும்வரை சொன்ன பேச்சைக் கேட்டது. பையன் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் முன்சக்கரம் சாமி வந்த மாதிரி ஆடியது. அடுத்த நொடி வண்டி நேராகப் போய் மதிலில் மோதியது. முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் இரண்டாக முறிந்தது.

வீட்டில் பாடியைக் கழற்றினேன். "புது" ரிசீவரின் அடியில் பையன் மார்க்கரில் எழுதிய முதலெழுத்து அப்படியே இருக்கிறது! வயரில் ஈயத்தின் சுவடே இல்லை. இரண்டு முனையையும் சுரண்டி முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, அதன்மேல் ஹாட் க்ளூவைக் கொட்டியிருந்தார். நான் கொடுத்த துண்டில் பாதியைக் காணோம். மிச்சத்தைக் குழாயில்கூட விடாமல் சுருட்டி, மோட்டார் வயர்களோடு சேர்த்து டை போட்டுக் கட்டியிருந்தார்.

இதில் ஒவ்வொன்றும் தப்பு. 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 11 மீட்டர். கால் அலை என்று பார்த்தாலே இரண்டே முக்கால் மீட்டர் வயர் வேண்டும். அதைக் காரில் நிறுத்த முடியாது என்பதால், ஏறக்குறைய அரை மீட்டர் வயரை வைத்து, அந்த நீளத்துக்கு ஏற்றபடி ரிசீவருக்குள் இருக்கும் கம்பிச்சுருளை டியூன் செய்திருப்பார்கள். வெட்டினால் டியூனிங் கலையும், தூரம் குறையும். நீளமாக இருக்கிறதே என்று சுருட்டி வைத்தாலும் அதே கதிதான். பிரஷ் மோட்டாரோ ஓடும்போது உள்ளே பொறி தட்டிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சல் பக்கத்தில் ஓடும் ஆன்டெனா வயரில் ஏறிவிடும். ஸ்டீயரிங்கை மட்டும் திருப்பிக் காட்டியதன் ரகசியம் இப்போது புரிகிறதா?

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "வயரைக் கொஞ்சம் கட் பண்ணா ஒண்ணும் ஆகாது சார், பழைய செட்டுக்கு ரேஞ்ச் இவ்ளோதான்" என்றார். மார்க்கர் எழுத்தைக் காட்டியதும், "பையன் மாத்திப் போட்டுட்டான் போல" என்று கடைப் பையன் தலையில் பழியைப் போட்டார். பாவம், அந்தப் பையன் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான். கொஞ்ச நேரம் சத்தம் போட்டதில் 500 ரூபாய் திரும்பி வந்தது. முறிந்த ஆர்முக்கு ஒரு பைசா இல்லை.

பிறகு வீட்டிலேயே முடித்தேன். பல இழை உள்ள மெல்லிய வயராகப் பார்த்து வாங்கி, பழைய நீளத்துக்கு அளந்து வெட்டி, ஈயம் வைத்து, மேலே சூடு பட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கிவிட்டேன். பிளாஸ்டிக் குழாய்க்குள் வயர் பாதியில் மடங்கி நின்று எரிச்சல் மூட்டும். ஒரு சொட்டு சிலிகான் ஆயிலை வயரில் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். குழாய்க்கு மேல் மிஞ்சும் வயரை வெட்டாமல் வெளிப்பக்கமாக இறக்கிவிட்டு ரப்பர் மூடியைப் போட்டால் போதும். மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் அதன் உலோகக் கூட்டுக்கும் நடுவே, இரைச்சலை அடக்கும் 104 என்று போட்ட செராமிக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் ஒன்று பிய்ந்து தொங்கியது. அதைக் கடைக்காரர் பார்க்கவே இல்லை.

2.4 கிகாஹெர்ட்ஸ் செட் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அதில் நுனியில் உறை இல்லாமல் தெரியும் மூன்று சென்டிமீட்டர்தான் ஆன்டெனா. அதற்குக் கீழே வருவது, நடுக் கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் உறை போட்ட கோஆக்ஸ் கேபிள். அறுந்துபோனால் சாதா வயரை ஒட்டித் தந்து காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடையில் காசு கொடுக்கும் முன் வண்டியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ரிமோட்டோடு தெருமுனை வரை நடந்து, மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் உதறினால் வேலை முடியவில்லை. "பார்ட் மாத்தினேன்" என்றால் கழற்றிய பழைய பார்ட்டைக் கையில் வாங்குங்கள். கொடுக்கும்போதே ரிசீவரை அடிப்பக்கம் தெரிய போட்டோ எடுத்து வைத்திருந்தால், "பையன் மாத்திட்டான்" என்ற பேச்சுக்கே இடமிருக்காது.