ஹ்மாங் கதைத்துணி: வாங்கும் முன் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்

அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் ஹ்மாங்டவுன் மார்க்கெட்பிளேஸ், ஹ்மாங் வில்லேஜ் என்று, லாவோஸ் மலைகளிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் மக்களின் இரண்டு பெரிய சந்தைகள் இருக்கின்றன. அங்கே துணிக்கடைப் பக்கம் போகிறவர்கள் கதைத்துணியை, அதாவது அவர்கள் வாழ்க்கையையும் போரையும் படங்களாகத் தைத்த துணியை, தேடிப் பார்க்கலாம். நல்லது கிடைத்தால் கொடுக்கிற காசுக்குத் தகும். ஆனால் எல்லாமே நல்லது இல்லை.

ஹ்மாங் மக்களின் மரபுத் தையலான பூத்தையலில் முன்பு கோலம் போன்ற வடிவங்கள்தான். 1975-க்குப் பிறகு, பான் வினாய் போன்ற தாய்லாந்து அகதி முகாம்களில்தான் அதில் மனித உருவங்கள் பெருகி, கதைத்துணி ஆனது. பெரும்பாலும் ஆண்கள் பேனாவால் வரைய, பெண்கள் தைத்தார்கள்.

லாவோஸ் போரைச் சொல்லும் பெரிய துணியில் மலையூர், வயல், லோங் தியெங் ஓடுபாதை, விமானங்கள் என்று காட்சிகள் வரிசையாக வரும். 1961 முதல் சிஐஏ ஆதரவில் ஹ்மாங் தளபதி வாங் பாவ் தலைமையில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் போரிட்ட படையின் தளம் லோங் தியெங். 1975 மே மாதம் அங்கிருந்து கிளம்பிய விமானங்களில் அதிகாரிகள், அவர்கள் குடும்பங்கள் என்று கொஞ்சம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. மற்றவர்கள் தாய்லாந்துக்குத் தப்ப, காட்டுவழியே எல்லையிலுள்ள மேகோங் ஆற்றுக்கு நடந்தார்கள்.

தரம் பார்க்க அந்த ஆற்றுப் பகுதி ஒன்றே போதும். நல்ல துணியில் அக்குளில் மூங்கில் கட்டை இடுக்கி நீந்துபவர், முதுகில் குழந்தையைக் கட்டிய தாய், கரையில் துப்பாக்கி நீட்டும் சிப்பாய் என ஒவ்வொரு உடலும் வேறு வேறாக வளையும். உடல் திரும்பும் பக்கமே தையலும் திரும்பும். அவசர வேலையில் ஒரே உருவம் பத்து இடத்தில் நிற்கும். இடத்தை அடைக்க இழையை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீட்டி இழுத்திருப்பார்கள், அது நகத்தில் மாட்டிப் பிரியும்.

பிறகு மூலையைப் புரட்டுங்கள். கைவேலையில் முடிச்சும், ஓர் உருவத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் இழையும் தெரியும். பின்பக்கம் முழுக்க ஒரே நிற நூல் சீராக ஓடினால் பெரும்பாலும் இயந்திர வேலை. நூலே இல்லையென்றால் அச்சு. பின்பக்கத்தை மூடி உள்துணி வைத்துத் தைத்திருந்தால் ஓரத்தில் ஓர் அங்குலம் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

ஓரத்துப் பட்டையில் வரும் முக்கோண வரிசை அழகுதான், பழுது வருவதும் அங்கேதான். பட்டையை நடுத்துணியைவிட இறுக்கமாகத் தைத்தால் மூலைகள் சுருங்கும். இஸ்திரியால் சரியாகாது, பட்டையைப் பிரித்துத்தான் மறுபடி தைக்க வேண்டும்.

துவைக்கவே கூடாது. சிவப்பு நூலும் வரைந்த பேனா மையும் வெளிர்துணியில் ஊறிவிடும், போகாது. தூசிக்கு மேலே வலை விரித்து, வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் போதும். மாட்டுவதற்குப் பின்புறம் மேலோரம் முழுக்க ஒரு துணிக்குழாய் தைத்துக் கம்பு நுழைக்கலாம். ஆணியில் தொங்கவிட்டால் பாரம் இரண்டு மூலையில் விழுந்து நடு தொய்யும். வெயில் படும் சுவர் வேண்டாம். எடுத்து வைப்பதானால் மடிக்காமல் உருளையில் சுற்றுங்கள்.

பழைய துணி என்றால் தைத்தவர் பெயரையும் முகாமையும் விற்பவரிடம் அவசியம் கேளுங்கள். இன்றும் பலருக்கு அது நினைவிருக்கும், இன்னொரு தலைமுறை போனால் கேட்கவும் ஆள் இருக்காது. அந்த விவரத்தைப் பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதி உள்துணியில் தைத்துவிடுங்கள். பேனாவால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் வரும்.