ஓம் பார்ப்பதா, ஓட்டம் பார்ப்பதா? மின்தடையும் திறனும் கணக்கிட மூன்று வழிகள்

களக்காட்டுப் பக்கம் கோடையில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும் பம்புசெட்டுகள் ஒருசேர ஓடத் தொடங்கிவிட்டால், லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் ஹீட்டர் ராடு போட்ட வாளித் தண்ணீர் வழக்கமான நேரத்தில் சுடுவதில்லை. ராட்டின் மீது 1000 வாட் என்று அச்சிட்டிருக்கும். பழுது ராட்டிலா, லைனிலா என்பதைக் கண்டறிய மூன்று வழிகள் கைவசம் உள்ளன: மல்டிமீட்டரில் ஓம், அதாவது மின்தடை, பார்ப்பது, ஓடும்போது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து கணக்கிடுவது, வீட்டு மின்மீட்டரின் விளக்குத் துடிப்பை எண்ணுவது.

முதல் வழி எளிது, மின் இணைப்பைத் துண்டித்த பிறகே செய்வதால் ஆபத்தும் குறைவு. 230 வோல்ட்டில் 1000 வாட் தர வேண்டிய ராட்டுக்கு மின்தடை 230 × 230 ÷ 1000, அதாவது 52.9 ஓம் இருக்க வேண்டும். ராட்டுக்குள் சூடாகும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டில் சில சதவீதமே ஏறும் என்பதால், குளிர்ந்த நிலையில் 50 ஓம் காட்டினாலும் ராடு நலமாகவே இருக்கிறது எனலாம். ஆனால் இதே வழியை 100 வாட் குண்டு பல்புக்குக் கையாண்டால் கணக்கு தலைகீழாகிவிடும். அதன் டங்ஸ்டன் இழை அணைந்திருக்கும்போது ஏறத்தாழ 40 ஓம்தான் காட்டும். அதை நம்பித் திறனைக் கணக்கிட்டால் 1300 வாட்டுக்கு மேல் வரும். எரியும்போது அதன் உண்மையான மின்தடை 529 ஓம். ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி வெப்பநிலை மாறாதிருந்தால்தான் ஒரே மின்தடையைத் தரும் என்பதைப் பள்ளியில் ஒரு வரியாகப் படித்துக் கடந்துவிடுகிறோம். இந்தப் பல்பு அதைக் கண்ணெதிரே காட்டுகிறது.

இரண்டாம் வழியே ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி போன்றவற்றுக்கு மிகச் சிறந்தது என்பது என் கருத்து. ராடு ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் பிளக்கில் 198 வோல்ட், கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 3.75 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 52.8 ஓம், பெருக்கினால் 742 வாட். மின்தடை சரியாக இருப்பதால் ராட்டில் குற்றமில்லை; திறன் நான்கில் ஒரு பங்கு குறைந்ததற்கு லைனே காரணம். வகுத்தல் பொருளைப் பற்றிச் சொல்கிறது, பெருக்கல் பொருளையும் லைனையும் சேர்த்துச் சொல்கிறது; ஒரே ஜோடி அளவீட்டிலிருந்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடிவது முதல் வழியில் கிடைக்காத ஆதாயம். மின்னழுத்தத்தை மீட்டர் பலகையில் பாராமல், பொருள் ஓடும்போதே பொருளருகில் பார்க்க வேண்டும். கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒற்றைக் கம்பி மட்டும் இருக்க வேண்டும். இரண்டு கம்பியும் சேர்ந்த வயரை அப்படியே கவ்வினால், எதிரெதிர் ஓட்டங்கள் ஒன்றையொன்று அழித்துச் சுழியத்தையே காட்டும்.

மோட்டாரில் இந்த இரண்டு வழிகளுமே சறுக்குகின்றன. ஒற்றை பேஸ் கிணற்று மோட்டாரின் வைண்டிங் (உள்ளே சுற்றிய கம்பிச்சுருள்) 3 ஓம் காட்டுகிறது என்றால், 225 வோல்ட்டில் 75 ஆம்பியர் பாய வேண்டும் என்ற நடக்காத விடைதான் கிடைக்கும். ஓடும் மோட்டாரில் வைண்டிங்கே எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குவதால், உண்மையில் பாய்வது 7 ஆம்பியர் அளவே. 225-ஐ 7-ஆல் பெருக்கினால் 1575 வருகிறது, ஆனால் அது வாட் அன்று, வோல்ட்-ஆம்பியர். அதில் உண்மையான வாட்டாகும் பங்கைக் குறிக்கும் திறன் காரணியால் பெருக்காமல் அதை வாட் என்று எழுதுவது மோட்டார் வாங்கும்போதும் வயர் போடும்போதும் பலர் செய்யும் பிழை.

இங்கேதான் மூன்றாம் வழி முந்துகிறது. முகப்பில் ஒரு யூனிட்டுக்கு (36 லட்சம் வாட்-விநாடி) 3200 துடிப்பு என்று எழுதியுள்ள மின்மீட்டரில் 10 துடிப்பு என்பது 11,250 வாட்-விநாடி; அந்த 10 துடிப்புகளுக்கு ஆகும் விநாடிகளால் 11,250-ஐ வகுத்தால் நேரே வாட் கிடைத்துவிடும். நம் மோட்டாருக்கு 9 விநாடி ஆனால் 1250 வாட். அதை 1575-ஆல் வகுத்தால் திறன் காரணி 0.79 என்பதும் தானே தெரிந்துவிடுகிறது. கருவிச் செலவு ஏதுமில்லை. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்தாக வேண்டும், குளிர்சாதனப் பெட்டி உட்பட. 9 வாட் எல்இடி பல்புக்கு இதைச் செய்யப் புகுந்தால் 10 துடிப்புக்கு 20 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அவ்வளவு பொறுமை எனக்கில்லை.

கிணற்றுக்குப் போகும் வயரின் மின்தடைக்கு மீண்டும் இரண்டாம் வழிக்கே திரும்ப வேண்டும். வீட்டிலிருந்து 100 மீட்டரில் கிணறு, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்றால், போக வர 200 மீட்டருக்குச் சுமார் 1.5 ஓம். இவ்வளவு சிறிய அளவை மல்டிமீட்டரில் பார்த்தால் அதன் சொந்த வயர்களின் மின்தடையும் கலந்துவிடும். கிணற்று முனையில் மோட்டாருக்குப் பதிலாக 7 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டரை ஓடவிட்டு, வீட்டு முனையிலும் கிணற்று முனையிலும் மின்னழுத்தத்தை அளந்து, வித்தியாசமாக வரும் 10.5 வோல்ட்டை 7 ஆம்பியரால் வகுப்பதே துல்லியம். அந்தக் கம்பியில் வீணாய்ச் சூடாகும் திறன் 7 × 7 × 1.5, ஏறத்தாழ 73 வாட். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியாக மாற்றினால் மின்தடை 0.92 ஓமுக்கு இறங்கி, அதே ஓட்டத்தில் இழப்பு 45 வாட் ஆகும்.