ஸ்வாட் நீரியல் மாதிரி: இலவசம், திறமானது, ஆனால் இயல்பு அமைப்புகளை நம்பாதீர்கள்

பருவநிலையும் நிலப் பயன்பாடும் மாறினால் ஆற்றுப்படுகையின் நீரோட்டம் என்னாகும் என்று கணிக்க ஸ்வாட் நல்ல தேர்வு. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இதை இயக்கும் இணைப்பும் இலவசம்.

சறுக்கும் இடம் நிலப் பயன்பாடுதான். துணைப்படுகையில் (படுகையின் உட்பிரிவில்) 10 சதவீதத்துக்குக் குறைந்த நிலப் பயன்பாட்டு வகைகளை நீக்கச் சொன்னால் சிறிய நகர்ப்பகுதிகள் காணாமல் போய்விடும். நகரமயமாதலை ஆராய்பவர்கள் வரம்பை 0 என வைக்கவேண்டும் (கணக்கீடு இழுக்கும், பரவாயில்லை). 2012 பதிப்பில் நிலப் பயன்பாட்டை இடையில் மாற்றும் கோப்பு, ஏற்கெனவே உள்ள அலகுகளின் (ஒரே நிலப் பயன்பாடு, மண், சரிவு கொண்ட பகுதிகளின்) பங்கைத்தான் கூட்டிக் குறைக்கும். புதிய அலகை உருவாக்காது.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அளவு இயல்பாக 330 பிபிஎம் (பத்து லட்சத்தில் 330 பங்கு) என்றே கிடக்கும். எதிர்காலக் கணிப்பில் அதை உயர்த்துங்கள். நீராவிப்போக்கைக் கணக்கிட பென்மன்-மாண்டீத் முறையைத் தேர்ந்தால்தான் அதில் கார்பன் டை ஆக்சைடின் விளைவு தெரியும். முதல் 2, 3 ஆண்டு வெளியீட்டை ஒதுக்கிவிடுங்கள். மண் ஈரம் நிலைப்பட அவ்வளவு காலம் வேண்டும்.